பட்டியல் கேட்டாய், கடிதம் வருகிறது

கண்ணா,

கியோட்டோவில் பார்க்க வேண்டிய இடங்களைப் பட்டியல் போட்டு அனுப்பு என்றாய். பட்டியல்தான் வேண்டுமென்றால் உன் போனிலேயே ஆயிரம் கிடக்கிறது. நீங்கள் இருவரும் ஓட்டலில் தங்கப் போவதில்லை, ஜப்பான் சித்தி வீட்டில் தங்கப் போகிறீர்கள். அதற்குப் பட்டியல் போதாது. போன ஜூனில் அங்கே பத்து நாள் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தவள் நான். செய்த தப்புகளையும் சேர்த்தே எழுதுகிறேன், படித்துவிட்டு மருமகளிடமும் கொடு.

சித்தி ஜப்பானிலிருந்து நடனம் கற்றுக்கொள்ள வந்து நம் வீட்டு மாடியில் குடியிருந்தபோது உனக்கு நாலு வயது. நீ வைத்த பெயர்தான் சித்தி. இன்றும் போன் போட்டால் "அக்கா, சித்தி பேசறேன்" என்றுதான் ஆரம்பிக்கிறாள். அந்த உரிமையில்தான் தயக்கமில்லாமல் போய் இறங்கினேன். போன பிறகுதான் தெரிந்தது, நான் அவளுக்கு எவ்வளவு வேலை வைத்துவிட்டேன் என்று.

முதலில் சாப்பாடு. கிளம்பும் முன் "மீன், இறைச்சி, முட்டை வேண்டாம், மற்றதெல்லாம் சாப்பிடுவேன்" என்று ஒரு வரி அனுப்பினேன். எனக்கு அது சின்ன வரி. அந்த ஊரில் மீன் துண்டாகத் தட்டில் இருந்தால்தானே ஒதுக்கலாம்? தாஷி என்று ஒரு சாறு இருக்கிறது, அவர்கள் சமையலுக்கே அதுதான் அடித்தளம். சூரை மீனை வேகவைத்து, புகை போட்டு, கட்டை போலக் காயவைத்துச் சீவி எடுக்கிற சீவலில் இறக்குவது. நம் மாசிக் கருவாட்டின் பங்காளி என்று வைத்துக்கொள். மிசோ சூப், நூடுல்ஸ் சாறு, வேகவைத்த கீரை, தொட்டுக்கொள்ளும் சாஸ் எல்லாவற்றிலும் அது இருக்கும். தட்டில் வெறும் காய்தான் தெரியும். கடைக்காரரும் "இதில் மீன் இல்லை" என்பார். பொய் சொல்வதாக நினைக்காதே, அவர் கணக்கில் சாறு மீன் இல்லை.

சித்தி இதை என்னிடம் சொல்லவே இல்லை. ஒரு வாரம் உட்கார்ந்து கடை கடையாகப் போன் போட்டு விசாரித்திருக்கிறாள். வீட்டில் தினமும் ராத்திரி கொம்பு என்கிற கடற்பாசியையும் உலர்ந்த ஷீடாகே காளானையும் தண்ணீரில் ஊறப்போட்டு எனக்கென்று தனியாகச் சாறு எடுத்திருக்கிறாள். நான்பாட்டுக்கு "ஆஹா, என்ன மணம்" என்று குடித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் ஃபிரிட்ஜைத் திறந்தபோது, கொம்பு ஊறுகிற பாட்டிலில் அவள் எழுத்தில் "அக்கா" என்று தமிழில் ஒட்டியிருந்தது. இருபத்தைந்து வருடத்துக்கு முன் கற்றுக்கொண்ட எழுத்து, க்-குப் புள்ளி மறக்கவில்லை. அங்கேயே நின்றுவிட்டேன்.

அந்தக் கொம்பிலிருந்துதான் 1908-இல் இகெடா கிகுனாயே என்ற வேதியியல் பேராசிரியர் ஒரு சுவையைப் பிரித்தெடுத்து உமாமி என்று பெயர் வைத்தாராம். அவரே கியோட்டோவில் பிறந்தவர். அறுசுவை என்று படித்து வளர்ந்தவளுக்கு ஏழாவதாக ஒன்று என்று சொன்னால் கோபம் வரும். ஆனால் அந்தச் சாற்றைக் குடித்த பிறகு நான் வாதாடவில்லை.

நீ முட்டையும் மீனும் சாப்பிடுகிறவன், உனக்குப் பிரச்சினை இல்லை. மருமகளுக்கு என்னென்ன ஆகாது என்று இப்போதே விவரமாக எழுதி அனுப்பு. "சாற்றில் மீன் இருந்தால் பரவாயில்லையா" என்ற கேள்விக்கும் சேர்த்துப் பதில் போடு. பரவாயில்லை என்றால் அதையும் சொல்லிவிடு, சித்தி ஒரு வாரம் நிம்மதியாகத் தூங்குவாள். கோயில் சாப்பாடு, அவர்கள் ஷோஜின் ரியோரி என்பார்கள், ஒரு வேளையாவது சாப்பிடுங்கள். மீன் இறைச்சி மட்டுமல்ல, வெங்காயம் பூண்டும் கிடையாது. கோமா தோஃபு என்று ஒன்று வைப்பார்கள். பெயரைக் கேட்டுச் சோயா என்று நினைத்தேன். எள்ளை அரைத்துக் கிழங்கு மாவோடு கிளறுவதாம். வாயில் வைத்தால் வெண்ணெய். அதை மட்டும் இரண்டாவது முறை கேட்டு வாங்கினேன், வெட்கம்தான்.

அடுத்தது, எழுதவே தயக்கமாக இருக்கிறது. இரண்டாம் நாள் இரவு, சித்தியின் அம்மா சமைத்த சாப்பாடு. நடுவில் போன் அடித்தது. நீதான். எடுக்கிற அவசரத்தில் குச்சிகளைச் சோற்றுக் கிண்ணத்தில் நட்டமாகக் குத்தி வைத்துவிட்டேன். பேசி முடித்துத் திரும்பினால் மேசையில் ஒரு சத்தம் இல்லை. அந்த அம்மா மெல்லக் கை நீட்டி, என் குச்சிகளை எடுத்து, அதற்கென்று இருக்கிற சின்னப் பீங்கான் தாங்கியில் படுக்க வைத்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி சாப்பிட ஆரம்பித்தோம்.

படுக்கப் போகும்போது நான் குடைந்து கேட்டதால் சித்தி சொன்னாள். இறந்தவர் தலைமாட்டில்தான் சோற்றில் குச்சியை நட்டு வைப்பார்களாம். அவள் அப்பா காலமாகி அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. குச்சியிலிருந்து குச்சிக்கு உணவைக் கை மாற்றுவதும் கூடாது. தகனம் முடிந்து எலும்பை எடுப்பது அப்படித்தான். இந்த இரண்டையும் மனதில் ஏற்றிக்கொள். மற்றபடி குச்சியை எப்படிப் பிடித்தாலும் சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள், ஸ்பூன் கேட்டாலும் தப்பில்லை.

எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் அவர்கள் வீட்டுக்குள் இருக்கிற சின்னப் பூஜை அலமாரி முன்னால் போய் உட்கார்ந்தேன். புத்தர், பக்கத்தில் சித்தியின் அப்பா படம், முதல் சோறு ஒரு குட்டிக் கிண்ணத்தில். ஊதுபத்தியை ஏற்றி, அதன் சுடரை வாயால் ஊதாமல் கையால் விசிறி அணைத்தேன். யோசித்துச் செய்யவில்லை, விளக்கை வாயால் ஊதக்கூடாது என்று என் பாட்டி போட்ட அடி அது. பின்னால் நின்றிருந்த அந்த அம்மா முகம் அப்படியே மாறிப்போனது. அவர்களுக்கும் அதே வழக்கமாம். அதற்குப் பிறகு எனக்கு டீ ஊற்றிக் கொடுப்பது அவர் வேலையாகிவிட்டது, சித்தியை விடவே மாட்டார்.

சரி, ஊர் சுற்றும் விஷயத்துக்கு வருகிறேன். கின்ககு-ஜி, அந்தத் தங்கக் கோயில், போவீர்கள். 1950-இல் ஓர் இளம் துறவி தீ வைத்ததில் எரிந்துபோய் 1955-இல் மறுபடி கட்டியது. குளத்தில் அதன் நிழல் அழகுதான். கூட்டத்தோடு கூட்டமாக நகர்ந்து அரை மணியில் வெளியே வந்துவிடுவீர்கள். சித்தி பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது பார்த்ததுதான், எனக்காகத்தான் மறுபடி வந்தாள். உள்ளூர்க்காரர்கள் எல்லோரும் இப்படித்தான் போலிருக்கிறது, விருந்தாளி வந்தால்தான் சொந்த ஊரைப் பார்க்கிறார்கள். ஃபுஷிமி இனாரி மலைக்கோயிலுக்கு மட்டும் விடியற்காலையில் போங்கள். ஆயிரக்கணக்கான சிவப்புத் தோரண வாயில்கள், ஒவ்வொன்றின் பின்புறமும் காணிக்கை கொடுத்தவர் பெயரும் தேதியும். நம் கோயில் டியூப் லைட்டில் உபயம் எழுதுவதுபோல. நான் மழையில் ஏறினேன், பாதியில் முழங்கால் கெஞ்சியது, இறங்கிவிட்டேன்.

கியோமிசு கோயில் வேறு. செங்குத்தான சரிவில் பதின்மூன்று மீட்டர் உயரத்துக்கு மரத்தூண்களை நிறுத்தி மேலே ஒரு மேடை. 1633-இல் கட்டியது. குதித்துப் பிழைத்தால் வேண்டுதல் பலிக்கும் என்று அந்தக் காலத்தில் நிஜமாகவே குதித்திருக்கிறார்கள், 1872-இல் அரசாங்கம் தடை போட்டதாம். பெரிய முடிவு எடுப்பதை இன்றும் "கியோமிசு மேடையிலிருந்து குதிப்பது" என்கிறார்கள். இருபத்து மூன்று வயதில் சித்தி வேலையை விட்டுவிட்டு நடனத்துக்காகக் கிளம்பினபோது, அவள் அப்பா அந்த வாக்கியத்தைத்தான் சொன்னாராம். அந்தக் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு அவள் அதைச் சொன்னபோது மழை வலுத்தது. அப்புறம் நாங்கள் இருவரும் ரொம்ப நேரம் பேசவில்லை.

ஒரு நாளை நாராவுக்கு ஒதுக்கு. கியோட்டோவிலிருந்து ரயிலில் முக்கால் மணி. மான்கள் ஆயிரத்துக்கு மேல் ஊருக்குள்ளேயே திரிகின்றன. கசுகா கோயிலின் தூதுவர்கள் என்று பெயர். நீ தலை குனிந்தால் அதுவும் குனியும், குனிந்துவிட்டுப் பிஸ்கட் கேட்கும், தராவிட்டால் சட்டையைக் கடிக்கும். நான் 200 யென்னுக்கு ஒரு கட்டு வாங்கினேன். பாதியை என் புடவைத் தலைப்பு வழியாக ஒரு கிழட்டு மான் பிடுங்கிக்கொண்டது.

அங்கேயே தோடாய்-ஜி கோயிலில் பெரிய புத்தர் பதினைந்து மீட்டர் உயரம், வெண்கலம். இப்போது இருக்கிற மண்டபம் 1709-இல் முடிந்தது, பழையதைவிடச் சிறியது என்கிறார்கள். சிறியதே இப்படி என்றால் பழையதை நினைத்துப் பார். 752-இல் இந்தச் சிலைக்குக் கண் திறந்தவர் இந்தியாவிலிருந்து போன போதிசேனர் என்ற துறவி. சிற்பி எல்லாம் முடித்து, கண்ணைக் கடைசியில் திறப்பது நமக்குத் தெரிந்த சடங்குதானே. அங்கே தூரிகையில் நீளமான கயிற்றைக் கட்டி, கூடியிருந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்களாம், கண் திறந்த புண்ணியம் எல்லோருக்கும் சேரட்டும் என்று. தேர் வடம் பிடிப்பதுபோல என்று சித்தியிடம் சொன்னேன். அவள் நம் ஊர்த் தேரை இழுத்தவள், உடனே புரிந்துகொண்டாள். அந்தக் கயிறு ஷோசோ-இன் கருவூலத்தில் இன்னும் இருக்கிறது. "நாற்பது வருஷமா இந்தக் கோயிலுக்கு வர்றேன் அக்கா, தூணில் இருக்கிற ஓட்டைக்குள்ள நுழைஞ்சது மட்டும்தான் ஞாபகம்" என்று சிரித்தாள். ஒரு தூணின் அடியில் துளை உண்டு, புத்தரின் மூக்குத் துவார அளவு என்பார்கள், குழந்தைகள் புகுந்து வருவார்கள். நீ முயற்சி செய்யாதே. உன் இடுப்பு எனக்குத் தெரியும்.

பணம். சாப்பிட்ட கடையில் நான் கை கழுவப் போய் வருவதற்குள் சித்தி பில்லைக் கொடுத்து முடித்திருப்பாள். மூன்று முறை ஏமாந்த பிறகு ஒரு பத்தாயிரம் யென் நோட்டை அவள் பையில் திணித்தேன். மறுநாள் காலை டீயோடு அது ஒரு வெள்ளை உறையில் திரும்பி வந்தது. வெறும் நோட்டைக் கையில் கொடுப்பது அங்கே மரியாதையில்லையாம். யோசித்தால் நாமும் மொய்யைக் கவரில்தானே வைக்கிறோம், எனக்கு ஏன் தோன்றவில்லை? கடைசியில் பேசி முடிவு செய்தோம்: ராத்திரிச் சாப்பாடு அவள், ரயில், கோயில் சீட்டு, காபி எல்லாம் நான். நீயும் முதல் நாளே இப்படிப் பேசிவிடு. டிப்ஸ் எங்கேயும் வைக்காதே, மறந்துவிட்டுப் போனாய் என்று பின்னாலேயே ஓடி வருவார்கள்.

குளியலை மறந்துவிட்டேன். விருந்தாளியைத்தான் முதலில் குளிக்கச் சொல்வார்கள். வெளியே சோப்புப் போட்டு, சுத்தமாக அலசிய பிறகுதான் தொட்டிக்குள் இறங்க வேண்டும். ஏறியதும் அடைப்பானைப் பிடுங்கிவிடாதே. அதே வெந்நீரில்தான் உனக்குப் பின் வீடே குளிக்கும். நான் பிடுங்கவில்லை, சித்தி முன்பே கதவில் எழுதி ஒட்டியிருந்தாள்.

இன்னொன்று. ஐந்தாம் நாள் மத்தியானம் ரயிலில் சித்தி நின்றபடியே கண்ணயர்ந்தாள். அப்போதுதான் உறைத்தது: எனக்கு விடுமுறை, அவளுக்கு இல்லை. காலையில் வகுப்பு எடுத்துவிட்டு ஓடிவந்து என்னைச் சுற்றிக்காட்டுகிறாள். மறுநாள் "நான் தனியாகப் போகிறேன், நீ வராதே" என்றேன். "தொலைந்துபோனால்?" என்றாள். தொலைந்துதான் போனேன். நிஷிகி சந்தையில் ஊறுகாய்க் கடைகளையும் கத்திக் கடைகளையும் பார்த்துக்கொண்டே போய் எந்தப் பக்கம் வந்தேன் என்று தெரியவில்லை. ஒரு பள்ளிக்கூடப் பெண் பேருந்து நிறுத்தம் வரை கூட வந்து ஏற்றிவிட்டாள். வீட்டுக்கு வந்தால் சித்தி சோபாவில் தூங்கி எழுந்த முகத்தோடு இருந்தாள், பத்து நாளில் அன்றைக்குத்தான் அவ்வளவு பேசினாள். நீங்களும் நடுவில் இரண்டு நாளாவது தனியாகப் போங்கள். நவம்பர் கடைசியில் இலை சிவக்கிற பருவம், எல்லா இடமும் நெரியும். அந்தக் கூட்டத்தில் அவளையும் இழுத்துக்கொண்டு அலையாதே.

கொண்டுபோக வேண்டியவற்றை நான் பார்சல் அனுப்புகிறேன். எதுவும் நாலாக இருக்கக் கூடாது, நாலுக்கும் சாவுக்கும் அவர்கள் மொழியில் ஒரே உச்சரிப்பு. நீ கொடுத்ததை அவர்கள் உன் எதிரில் பிரிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று நினைக்காதே. சலங்கை மட்டும் தனிப் பையில் இருக்கும், அது சித்தி கேட்டது, அவளிடமே கொடு.

அப்புறம், சித்தியின் அம்மாவுக்கு இடது காது கேட்காது. சாப்பிட உட்காரும்போது அவர் வலப்பக்கமாக உட்கார். போனை அணைத்து வை, நான் அந்த நேரத்தில் கூப்பிட மாட்டேன்.

அம்மா