கிளாஸ்கோவில் எனக்கு இடம் கொடுத்தவர்களுக்கு

வணக்கம்.

2024 ஆகஸ்ட் 8 முதல் 12 வரை கிளாஸ்கோவில் நடந்த உலக அறிவியல் புனைவு மாநாட்டுக்கு, எல்லாரும் வேர்ல்ட்கான் என்று சொல்லும் அந்தக் கூட்டத்துக்கு, லண்டனிலிருந்து போய்வந்தேன். அங்கே எனக்கு உதவியவர்களில் பாதிப் பேரின் பெயர்கூடத் தெரியாது, பலருக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் மனதார நன்றி சொல்ல எனக்கு வருவது தமிழில்தான், அதனால் பொதுவில் எழுதிவிடுகிறேன். "இவ்வளவு காசு செலவழித்து அங்கே போய் என்ன செய்வீர்கள், புத்தகத்தை வீட்டிலேயே படிக்கலாமே" என்று கேட்ட நண்பர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதல் நன்றி கிளாஸ்கோ அக்காவுக்கும் அத்தானுக்கும். நண்பருடைய நண்பன் என்பதைத் தவிர உங்களுக்கு என்னைப் பற்றி ஒன்றும் தெரியாது. விடுதி வாடகையைப் பார்த்துவிட்டுப் போவதா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது மாடி அறையை ஒழித்துக் கொடுத்தீர்கள். காலையில் கிளம்பும்போது டிபன் பாக்ஸில் இட்லியும் மிளகாய்ப்பொடியும் வைத்துக் கொடுத்தீர்கள் அக்கா, அரங்கத்துச் சாப்பாட்டு விலையைப் பார்த்த பிறகு அதன் அருமை இன்னும் நன்றாகப் புரிந்தது. அறிவியல் புனைவு ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை என்று சொன்ன நீங்கள், சனிக்கிழமை ஒருநாள் டிக்கெட் வாங்கிக்கொண்டு என்னோடு வந்து, நடைபாதையில் செதில் செதிலாக உடை அணிந்திருந்த யாரோ ஒரு பெண்ணை நிறுத்திவைத்துப் பார்த்து, இந்த மடிப்பை எப்படித் தைத்தாய், உள்ளே என்ன துணி கொடுத்தாய் என்று ஆரம்பித்தீர்களே! நான் இரண்டு அமர்வுகளுக்குப் போய்த் திரும்பி வந்தபோதும் இருவரும் தரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டுதான் இருந்தீர்கள். 1939இல் நியூயார்க்கில் நடந்த முதல் வேர்ல்ட்கானுக்கு மிர்ட்டில் டக்ளஸ் என்ற பெண் தனக்கும் ஃபாரஸ்ட் ஆக்கர்மன் என்ற சக ரசிகருக்கும் எதிர்கால உடை தைத்து எடுத்துவந்தார், கதாபாத்திரங்களைப் போல உடுத்திக்கொண்டு இன்று உலகம் முழுக்க நடக்கிற காஸ்ப்ளே கொண்டாட்டங்களுக்கு எல்லாம் அவர் தையல்தான் தொடக்கம் என்று சொல்பவர்கள் உண்டு. கதை படிக்காமலே உள்ளே நுழைய அந்தக் கூட்டத்தில் எத்தனை வாசல்கள் இருக்கின்றன என்பதை அக்கா வந்த பிறகுதான் பார்த்தேன்.

பதிவு மேசையில் எனக்கு பேட்ஜ் எடுத்துக் கொடுத்த பெரியவருக்கு. முட்டி வலியால் என்னால் வரிசையில் வெகுநேரம் நிற்க முடியாது. அதைச் சொல்லத் தயங்கித் தயங்கி நான் வாயைத் திறந்தபோது நீங்கள் மருத்துவச் சான்று எதையும் கேட்கவில்லை, பேட்ஜில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டி, "இதைக் காட்டினால் நாற்காலி போடுவார்கள்" என்றீர்கள். போன இடத்திலெல்லாம் போட்டார்கள். பிறகு தேநீர் நேரத்தில் உங்களைப் பார்த்தபோதுதான் நீங்களும் என்னைப் போலவே உறுப்பினர் கட்டணம் கட்டி, ரயிலுக்கும் அறைக்கும் சொந்தக் காசு போட்டு வந்து, அந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று தெரிந்தது.

இதை நம் ஊர் வாசகர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். வேர்ல்ட்கானை எந்த நிறுவனமும் லாபத்துக்கு நடத்துவதில்லை. தலைமைப் பொறுப்பில் இருப்பவரிலிருந்து நாற்காலி தூக்குபவர் வரை சம்பளம் வாங்காதவர்கள். மேடையில் பேசும் எழுத்தாளர்களும், சிறப்பு விருந்தினர்கள் சிலரைத் தவிர, பணம் கட்டித்தான் உள்ளே வருகிறார்கள். கிளாஸ்கோவில் நெடி ஒகோராஃபோர், கென் மெக்லாவுட், டெர்ரி விண்ட்லிங் போன்ற எழுத்தாளர்கள் சிறப்பு விருந்தினர்கள். மற்றபடி விருது வாங்கியவரும் முதல் கதையைக்கூட இன்னும் எழுதி முடிக்காதவரும் ஒரே மாதிரி பேட்ஜை மாட்டிக்கொண்டு ஒரே காபி வரிசையில் நின்றார்கள். பொன்னாடை, முன்வரிசை சோபா, அறிமுக உரைக்கு ஒரு அறிமுக உரை என்று பழகிப்போன எனக்கு இது பெரிய நிம்மதியாக இருந்தது, உண்மையாகவே சொல்கிறேன். டிக்கெட் வாங்கியவர் பார்வையாளர், உறுப்பினர் ஆனவர் பங்காளி. அடுத்தடுத்த மாநாடு எந்த ஊரில் என்பதை உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள், 2026க்கு லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்து அனாஹைம் என்று கிளாஸ்கோவில்தான் முடிவானது. அறிவியல் புனைவுக்கு ஆண்டுதோறும் இந்த மாநாட்டில் தரும் ஹியூகோ விருதும் அவர்கள் ஓட்டுதான்.

ஓட்டு என்றதும் ஹியூகோ வாக்குகளை எண்ணிய குழுவுக்கு என் வணக்கம். முந்தைய ஆண்டு விருதில் சில படைப்புகள் காரணமே சொல்லப்படாமல் தகுதியற்றவை என்று ஒதுக்கப்பட்ட செய்தி வெளிவந்து, விருதின் மேலேயே பலருக்கு நம்பிக்கை போயிருந்த நேரத்தில் இந்தப் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்தது. ஜூலை மாதம் 377 வாக்குகள் போலியானவை, ஒருவரை ஜெயிக்க வைக்கப் போடப்பட்டவை என்று கண்டுபிடித்து நீக்கினீர்கள். அதை மூடி மறைக்காமல் விருது விழாவுக்கு முன்பே அறிவித்தீர்கள். யாருக்காக அந்த ஓட்டுகள் விழுந்தனவோ அவருக்கு இது தெரிந்திருந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை என்று சொல்லி அவர் பெயரையும் காப்பாற்றினீர்கள். சம்பளம் இல்லாத வேலையை இவ்வளவு நேர்மையாகச் செய்பவர்களைப் பார்ப்பதற்காகவே இன்னொரு முறை ரயில் ஏறலாம்.

அப்புறம், மேசைப் பேச்சு. எழுத்தாளர் ஒருவர், முன்கூட்டியே பெயர் பதிந்த கொஞ்சம் வாசகர்கள், ஒரு வட்ட மேசை, ஒரு மணிநேரத்துக்கும் குறைவான நேரம். மைக் கிடையாது, தலைமையுரை கிடையாது. அந்த நாவலாசிரியரின் பெயரை இங்கே எழுதவில்லை, அங்கே பேசியது அந்த மேசையோடு இருக்கட்டும். அம்மா, நீங்கள் உங்கள் புத்தகத்தைப் பற்றிப் பேசுவீர்கள் என்று நினைத்து வந்தேன். நீங்களோ எந்த இடத்தில் சலிப்புத் தட்டி மூடி வைத்தோம் என்று எங்களைத்தான் ஒவ்வொருவராகக் கேட்டு, குறித்துக்கொண்டீர்கள். நானும் தமிழில் கதை எழுதுகிறேன், நிலாவில் ஒரு குடியிருப்பைப் பற்றி ஒரு குறுநாவல் பாதியில் நிற்கிறது என்றதும், "அங்கே குப்பையை யார் அள்ளுகிறார்கள்?" என்று ஒரே கேள்வி கேட்டீர்கள். என் கதையில் விஞ்ஞானிகள் இருந்தார்கள், தளபதி இருந்தார், கவிஞர் ஒருவர்கூட இருந்தார், குப்பை அள்ளுகிறவர் இல்லை. ஊருக்குத் திரும்பி வந்து முதல் அத்தியாயத்திலிருந்து மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன், இப்போது கதையே அந்தக் குப்பை வண்டிக்காரியுடையதுதான்.

எழுத்தாளர்கள் ஏன் போகிறார்கள் என்பதற்கு எனக்குக் கிடைத்த பதில் இதுதான். பதிப்பாசிரியர்களைச் சந்திக்கலாம், அடுத்த புத்தகத்துக்கு வழி பிறக்கலாம், அதெல்லாம் உண்மை, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் எழுதுகிறவருக்கு வருஷம் முழுக்க விற்பனைக் கணக்கும் மதிப்புரையும்தான் கண்ணில் படுகின்றன. நூற்றுப்பத்தாம் பக்கத்தில் ஏன் மூடி வைத்தேன் என்று நேரில் சொல்லும் முகத்தை வேறெங்கே பார்ப்பது? வாசகருக்கும் அப்படியே. நான் படிக்கிற வகைக் கதைகளைப் படிக்கும் ஒருவரை என் அலுவலகத்திலும் சொந்தத்திலும் தேடிப் பார்த்துவிட்டேன், ஒருவரும் இல்லை.

ரசிகர்களே எழுதி அச்சடித்த ரசிகர் இதழ்கள் வைத்திருந்த மூலையில் எனக்கு நேரம் ஒதுக்கிய முதியவருக்குத் தனியாக ஒரு நன்றி. ஸ்டென்சில் வெட்டிச் சுழற்றி அச்சடித்த அந்தப் பழைய தாள்களை என் கையில் கொடுத்து, இந்தத் தனிமை எப்படிக் கூட்டமானது என்று முதலிலிருந்து சொன்னீர்கள். 1926இல் ஹியூகோ கெர்ன்ஸ்பேக் 'அமேசிங் ஸ்டோரீஸ்' இதழைத் தொடங்கி, வாசகர் கடிதங்களை முழு முகவரியோடு அச்சிட்டார். முகவரி கிடைத்ததும் வாசகர்கள் இதழை விட்டுவிட்டு ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டார்கள், ஊருக்கு ஊர் சங்கம் வைத்தார்கள், பிறகு நேரில் பார்க்கக் கிளம்பினார்கள். 1937 ஜனவரியில் லீட்ஸ் நகரத்துப் பிரம்மஞான சபைக் கூடத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் கூடினார்கள், அதில் ஒருவர் 19 வயது ஆர்தர் சி. கிளார்க், பின்னாளில் இலங்கைக்கே குடிவந்தாரே அந்த அறிவியல் புனைவு எழுத்தாளர்தான். அதற்குச் சில மாதங்கள் முன்பு ஃபிலடெல்ஃபியாவில் நடந்த சந்திப்பைத்தான் முதல் மாநாடு என்று சொல்ல வேண்டுமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை என்றீர்கள், சொல்லும்போதே உங்கள் குரல் உயர்ந்தது, நீங்கள் லீட்ஸ் பக்கம். 1952இல் பெல்ஃபாஸ்ட்டைச் சேர்ந்த வால்ட் வில்லிஸ் என்ற ரசிகரை சிகாகோ மாநாட்டுக்கு வரவழைக்க ரசிகர்களே பணம் திரட்டியதையும், அடுத்த ஆண்டே அதை ஒரு நிதியமாக்கி, இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக ரசிகர்களை அட்லாண்டிக் தாண்டி அனுப்பத் தொடங்கியதையும் உங்களிடம்தான் கேட்டேன். முகம் தெரியாத ஒருவர் கப்பலேறி வருவதற்கு ஊர்கூடிக் காசு போட்டவர்கள் வழிவந்தவர்களிடம், எனக்கு மாடி அறை கொடுத்த அக்காவைப் பற்றிச் சொன்னேன். அவரையும் கூட்டிவந்து அறிமுகம் செய் என்றீர்கள், செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை இரவு, ஆர்மடில்லோ என்ற விலங்கின் முதுகு ஓடு போலக் கூரை இருப்பதால் ஆர்மடில்லோ என்றே அவர்கள் அழைக்கும் அந்த அரங்கத்தில், 'ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ்' இதழுக்கு ஹியூகோ கிடைத்தபோது எழுந்து கைதட்டினேன். கொழும்பில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த தமிழ்ப் பெண் மேரி ஆன் மோகன்ராஜ் 2000இல் தொடங்கிய இணைய இதழ் அது. எழுதுகிறவர்களுக்குப் பணம் கொடுக்கும், ஆசிரியர் குழுவில் எல்லாரும் சம்பளமில்லாமல் உழைப்பவர்கள். எத்தனையோ ஆண்டுகள் இறுதிப் பட்டியல் வரை வந்து வெறுங்கையோடு திரும்பிய இதழ். பக்கத்து இருக்கையில் இருந்த இளைஞரே, யார் இவர்கள் என்று நீங்கள் கேட்டதற்கு நான் மூச்சுவிடாமல் பேசிவிட்டேன், பொறுமையாகக் கேட்டதற்கு நன்றி.

என் விடுப்பு நாட்களில் என் வேலையையும் சேர்த்துப் பார்த்த அலுவலக நண்பர்களுக்கும், ரயில் கட்டணத்தைப் பகிர்ந்துகொண்ட வாசகர் வட்டத்துத் தம்பி தங்கைகளுக்கும் நன்றி. நீங்கள் கேட்ட புத்தகங்களில் இரண்டு கிடைக்கவில்லை, மற்றவை கையில் இருக்கின்றன, அடுத்த சந்திப்புக்கு எடுத்து வருகிறேன்.

அடுத்து 2025 ஈஸ்டருக்கு பெல்ஃபாஸ்ட்டில் ஈஸ்டர்கான் நடந்தது, இதே போலத் தன்னார்வலர்கள் நடத்தும் பிரிட்டிஷ் மாநாடு. உதவிக்கு வருகிறேன் என்று அதற்குப் படிவம் அனுப்பினேன். முட்டி இருக்கிற நிலையில் நாற்காலி அடுக்க முடியாது, பதிவு மேசை போதும் என்று கேட்டேன்.

அன்புடன்,
லண்டனிலிருந்து உங்கள் வாசக நண்பன்