பிரிச்சிடுன்னு சொன்னவங்களுக்கு ஒரு நன்றி மடல்

எல்லாருக்கும் வணக்கம். பீட்டில் ஸ்டார்ட் ஆயிடுச்சு. நவம்பர்ல ஒரு சனிக்கிழமை காலைல, கலிஃபோர்னியால எங்க ஃப்ரீமான்ட் வீட்டு கராஜ்ல, தெருவே எட்டிப் பாக்குற சத்தத்தோட. தனித்தனியா ஃபோன் பண்ணி நன்றி சொல்லிடலாம்னுதான் நெனச்சேன், ஆனா யார் யார் என்னென்ன பண்ணீங்கன்னு ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாது, அதனால எல்லாத்தையும் ஒரே மடல்ல எழுதிடறேன்.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. வண்டி 1971 ஃபோக்ஸ்வாகன் பீட்டில், வெயில்ல வெளுத்துப்போன ஆரஞ்சு. பின்னாடி இருக்கறது காத்துலயே குளிர்ற நாலு சிலிண்டர் எஞ்சின், ரேடியேட்டர் கெடையாது, தண்ணி கெடையாது, ஒரு ஃபேன், தகரக் கூடு, அப்புறம் ஆயில், அவ்வளவுதான். கம்பெனில இருந்து வந்தப்ப 1584 சிசி, நான் முழுசா பிரிச்சு, பெரிய பிஸ்டன் போட்டு, திரும்பக் கட்டி ஆக்குனது 1776. கலிஃபோர்னியால 1975க்கும் அதுக்கு முந்தியும் வந்த பெட்ரோல் வண்டிக்கு ஸ்மாக் டெஸ்ட் (புகை பரிசோதனை) கெடையாது, அந்த ஒரு சலுகைலதான் எனக்கு இந்த ஆசையே வந்துச்சு.

முதல் நன்றி கோயம்புத்தூர் மச்சானுக்கு. எஞ்சினை கீழ எறக்க நாலே நாலு போல்ட்டுதான்டான்னு சொன்னது நீதான். போல்ட்டு நாலுதான் மச்சான், பொய் இல்ல, ஆனா நூறு கிலோவுக்கு மேல இருக்கற எஞ்சின் ஜாக் மேல ஆடிக்கிட்டு நிக்கிறப்ப ஒரு பக்கம் நீ புடிக்கலன்னா என் கால் போயிருக்கும். அன்னிக்கு உனக்குக் கெடச்சது ஆறின இட்லிதான், அதுக்கு ஸாரி.

அடுத்து மெஷின் ஷாப் பெரியவருக்கு. முதல்ல வேற ஒரு ஷாப்ல கேஸை, அதான் எஞ்சினோட வெளிக்கூட்டை, குடுத்தேன் (பேரு வேணாம்), ரெண்டு மாசம் வச்சிருந்துட்டு கை வைக்காமலே திருப்பிக் குடுத்தாங்க. கடுப்புல உங்ககிட்ட வந்தப்ப நான் கேட்டது 92 மிமீ பிஸ்டன், 1835 சிசி. நீங்க 1776க்கான 90.5 மிமீ சிலிண்டரையும் நான் கேட்ட 92ஐயும் மேசைல பக்கத்துல பக்கத்துல வச்சு அதுங்க வாயைத் தடவிப் பாருன்னீங்க. 90.5க்கும் 92க்கும் கேஸ்ல உக்கார்ற வெளி அளவு ஒன்னுதான், அப்போ கூடுதல் சிசி எல்லாம் சிலிண்டர் சுவத்தைச் சொரண்டித்தான் வருது, மெலிஞ்ச சுவர் சூட்டுல வட்டமா நிக்காதுன்னு கையில புடிச்சப்பதான் புரிஞ்சுச்சு. 59 சிசி பேராசையை அங்கயே விட்டேன். ஹெட்டை இழுத்துப் புடிக்கிற ஸ்டட் திரும்பப் புடுங்கிட்டு வராம இருக்க கேஸ்ல ஸ்டீல் இன்சர்ட் போட்டதும் நீங்களாதான், அதுக்குக் காசு வாங்கல, கேட்டப்ப காபி வாங்கிட்டு வான்னீங்க. ஃபில்டர் காபின்னா என்னன்னு இப்ப உங்களுக்குத் தெரியும்.

என் பொண்ணுக்கு. சிலிண்டருக்கு மூடி மாதிரி உக்கார்ற ஹெட்ல ஒவ்வொரு குழிக்கும் எத்தன சிசின்னு அளக்கறப்ப சிரிஞ்ச் புடிச்சது அவதான், ஒம்போது வயசு, எனக்கு நடுங்குற கை அவளுக்கு நடுங்கல. ஓட்டை போட்ட ஒரு அக்ரிலிக் பலகைய ஹெட் மேல கிரீஸ் வச்சு ஒட்டி, சொட்டுச் சொட்டா ஸ்பிரிட் விட்டு அளக்கணும், அது கலர் இல்லாம கண்ணுக்குத் தெரியலன்னு கேசரிப் பவுடர் கலந்தோம். வீட்டுக்காரம்மா அந்த டப்பாவை இன்னும் சமையலறைக்குள்ள சேத்துக்கல. நாலு குழியையும் 52 சிசிக்குக் கொண்டு வந்து, பிஸ்டன் மேல நிக்கிற 1.3 மிமீ இடைவெளிய சேத்துக் கணக்குப் போட்டா கம்ப்ரெஷன், அதான் பிஸ்டன் கலவைய எத்தன மடங்கு கசக்குதுங்கறது, 8.35க்கு 1. காத்துல குளிர்ற எஞ்சினை அதுக்கு மேல கசக்க எனக்கு தைரியம் இல்ல, இங்க கெடைக்கிற 91 ஆக்டேன் பெட்ரோலுக்கு இது தாராளம்.

இப்ப முக்கியமான கதை.

செப்டம்பர் கடைசில கேஸ் ரெண்டு பாதியையும் சேத்து மூடினேன். கிராங்க் (பிஸ்டன் சுத்தி விடற தண்டு) வச்சாச்சு, கேம் (வால்வைத் தெறக்கற தண்டு) கியர்ல இருக்கற ஒத்தைப் புள்ளிய கிராங்க் கியர்ல இருக்கற ரெண்டு புள்ளிக்கு நடுவுல உக்கார வச்சாச்சு, சீலன்ட் தடவியாச்சு, டார்க் ரெஞ்ச் வச்சு எல்லா நட்டையும் முறுக்கியாச்சு. முறுக்கி முடிச்சப்புறம் கிராங்க்கை சுத்திப் பாத்தா கையால அசையல. ஸ்பேனர் போட்டா சுத்துது, ஆனா எண்ணெய் இல்லாத செக்கு மாதிரி. ராத்திரி பதினோரு மணி, உடம்பெல்லாம் வலி, புது பேரிங்தானே, ஓட ஓட லூஸ் ஆயிடும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன், ஒரு நண்பர் வேற ஆமா ஆமான்னு தலையாட்டிட்டுப் போனார் (உங்களுக்கும் நன்றிதான், டீ வாங்கிட்டு வந்ததுக்கு).

அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்ல 31 வருஷம் ஃபிட்டர், வீட்டுல தன் புல்லட்டுக்கு டேப்பட் செட் பண்ண ஒரு மெக்கானிக்கையும் விட்டதில்ல. சுத்துறா பாக்கலாம்னார். சுத்துனேன். ஃபோனை கிட்டக்க வைடா, காதுக்கு, கண்ணுக்கு இல்லன்னார். வச்சேன். பிரிச்சிடுன்னுட்டு தோசை சாப்ட போயிட்டார்.

எனக்கு மனசு ஆறல. மறுநாள் காலைல எதிர்வீட்டு மெக்சிகோக்காரரைக் கூப்ட்டேன், பூவெப்லா ஊர்க்காரர், உலகத்தோட கடைசி பழைய பீட்டில் 2003 ஜூலை 30 அன்னிக்கு வெளிய வந்தது அந்த ஊர் ஃபேக்டரிலதான், இந்த வண்டிய அவர் வோச்சோன்னுதான் கூப்புடுவார், ஏதோ வீட்டு நாய்க்குட்டியக் கூப்புடற மாதிரி. அவராவது பரவால்லன்னு சொல்லிடுவார்னு ஒரு நப்பாசை. ஒரே சுத்து சுத்தினார். ஆப்ரெலோ. அவ்வளவுதான். அவங்க மொழில அதுக்கு அர்த்தம் பிரிச்சிடு.

பிரிச்சேன். ஃப்ளைவீல் பக்கத்து முதல் மெயின் பேரிங், கேஸ்ல நீட்டிக்கிட்டு இருக்கற சின்ன டவல் பின்னுல (பேரிங் நகராம புடிச்சு வைக்கிற முளை) உக்காரவே இல்ல, பின் மேல ஏறி நின்னிருக்கு, நான் அதுக்கு மேலயே வச்சு முறுக்கியிருக்கேன். பேரிங் முதுகுல பிறை நிலா மாதிரி ஒரு பள்ளம். அப்படியே ஓட்டியிருந்தா கிராங்க்கோட கேஸும் சேந்து போயிருக்கும், அது மெக்னீசியம் கலவை, ஸ்டீலோட மோதி ஜெயிக்காது. அந்தப் பேரிங்கைக் கைல வச்சுக்கிட்டு கராஜ் தரைல ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன்.

ஆயுத பூஜை அன்னிக்கு எஞ்சின் ரெண்டு பாதியா பிரிஞ்சு கெடந்துச்சு, வீட்டுக்காரம்மா எதுவும் கேக்காம ரெண்டு பாதிக்கும் தனித்தனியா குங்குமம் வச்சா. வாஷிங் மெஷின் மேல பிஸ்டன், ஷூ ரேக்ல டேப்பட், பொங்கல் முடிஞ்சதுல இருந்து அந்த வருஷம் முழுக்க அப்படித்தான். வீட்டுக்காரம்மா, உனக்கு நன்றி எழுதினா நீ கிண்டல் பண்ணுவேன்னு தெரியும், இருந்தாலும் எழுதிட்டேன்.

ரெண்டாந்தடவை அப்பா சொன்ன மாதிரி பண்ணேன். பேரிங்கை பின்னுல சரியா உக்கார வச்சு, கேஸ் விளிம்பு எங்க வருதோ அங்க பேரிங்ல பென்சில் கோடு போட்டுக்கிட்டு, மூடறப்ப கோடும் விளிம்பும் ஒன்னா நிக்குதான்னு பாத்து, ஒவ்வொரு நட்டு முறுக்கினதும் ஒரு தடவை சுத்திப் பாத்து. கடைசி நட்டு வரைக்கும் ரெண்டு விரலால சுத்துச்சு. ஃபோன்ல அப்பா ம்னார், வேற ஒன்னும் சொல்லல.

ஃப்ளைவீல் நட்டுக்கு மட்டும் 217 அடி-பவுண்டு வேணும், என் ரெஞ்ச் 150லயே நின்னுடும். எதிர்வீட்டுக்காரர் 9 மடங்காக்குற மல்டிப்ளையர் எடுத்துட்டு வந்தார், கையில 24 குடுத்தா நட்டுல 217 ஏறுது. அதுக்கு முன்னாடி ஃப்ளைவீலுக்குப் பின்னாடி மூணு ஷிம் (மெல்லிசு தகடு வளையம்) மாத்தி மாத்திப் போட்டு கிராங்க் ஆட்டத்தை 0.10 மிமீல நிறுத்தினது தனிக்கூத்து, அப்பா கணக்குல நாலு தௌ, அதாவது இஞ்சுல ஆயிரத்துல நாலு பங்கு. ரெட்டை வெபர் கார்புரேட்டரையும் ஒன்னுபோல ஓட சிங்க் பண்றதுல நான் பட்ட பாடு இங்க வேணாம்.

ஸ்டார்ட் பண்ண அன்னிக்கு புது கேமுக்காக 20 நிமிஷம் 2000 ஆர்பிஎம்முக்குக் கீழ எறக்காம ஓட்டணும். மச்சான் தீயணைப்பான் புடிச்சுக்கிட்டு நின்னான், பொண்ணு டைமர், எதிர்வீட்டுக்காரர் டைமிங் லைட். அப்பா ஃபோன்ல, திருச்சில ராத்திரி மணி பத்தரை. எவ்வளவு குதிரை சக்தின்னு கேக்காதீங்க, சக்தி அளக்கற டைனோ மெஷின்ல ஏத்தல. எங்க ஊர் மிஷன் சான் ஹோசே மேட்டுல முன்ன ரெண்டாவது கியர்ல மூச்சு வாங்கும், இப்ப மூணாவதுலயே ஏறுது.

புஷ்ராட் ட்யூப் ஒன்னுல லேசா ஆயில் கசியுது, எனக்குத் தெரியும், யாரும் வந்து காட்ட வேணாம்.

மல்டிப்ளையர், டைமிங் லைட், டயல் கேஜ் மூணையும் தொடச்சு அந்தந்த வீட்டுல குடுத்துட்டேன். ஒரு 36 மிமீ சாக்கெட் மட்டும் மிச்சம் இருக்கு, நீல டேப் சுத்தினது, யாரோடதுன்னு தெரியல. வந்து எடுத்துக்குங்க, வரப்ப ஒரு ரவுண்டு ஓட்டிட்டுப் போங்க.