கண்ணீருக்கு வரிவிலக்கு, வழக்குக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேசிய திரைப்பட விருதுகள் பற்றிய உங்கள் கட்டுரை, 1990-ல் காஷ்மீர் பள்ளத்தாக்கிலிருந்து பண்டிட்டுகள் எனப்படும் இந்துக்கள் வெளியேறியதைச் சொல்லும் 'தி காஷ்மீர் ஃபைல்ஸ்' படத்தை, நடக்காததை நடந்ததாகக் காட்டிய வெறுப்புப் படம் என்று ஒரே வரியில் தள்ளிவிட்டது. அடுத்த இதழில் வந்த மறுப்புக் கடிதங்களோ, அந்தப் படத்தைக் குறை சொல்பவனுக்கு தேசப்பற்றே கிடையாது என்று முடித்துவிட்டன. தொண்ணூறுகளின் நடுவில் மத்திய அரசு வேலையாகச் சில ஆண்டுகள் ஜம்முவில் குடியிருந்தவன் என்ற முறையில் இரண்டு தரப்பிடமும் எனக்குக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் உங்கள் கட்டுரை. 1989 செப்டம்பர் 14 அன்று பாஜக தலைவர் டிக்கா லால் டப்லூ ஸ்ரீநகரில் தீவிரவாதிகளால் சுட்டுக் கொல்லப்பட்டார். நவம்பர் 4-ல் நீலகண்ட் கஞ்சூ கொல்லப்பட்டார். இவர் காஷ்மீர் பிரிவினைத் தலைவர் மக்பூல் பட்டுக்குத் தூக்குத் தண்டனை விதித்து ஓய்வுபெற்ற நீதிபதி. 1990 பிப்ரவரியில் ஸ்ரீநகர் தூர்தர்ஷன் இயக்குநர் லஸ்ஸா கௌல். அந்த ஆண்டே, கீதையைக் காஷ்மீரி மொழிக்குக் கொண்டுவந்த கவிஞர் சர்வானந்த் கௌல் 'பிரேமி'யும் அவர் மகனும். 1990 ஜனவரி 19 இரவு ஒலிபெருக்கிகளில் கேட்ட, பண்டிட்டுகளை மிரட்டிய முழக்கங்களை அங்கிருந்து வந்த ஒவ்வொரு குடும்பமும் சொல்லும். சில மாதங்களுக்குள் பள்ளத்தாக்குப் பண்டிட்டுகளில் பெரும்பாலானோர் லாரியிலும் டாக்சியிலும் ஜவாஹர் சுரங்கத்தைத் தாண்டி ஜம்முவுக்கு வந்துவிட்டார்கள். இதில் எது கற்பனை?

எண்ணிக்கைச் சண்டையும் எனக்கு அருவருப்பாகவே இருக்கிறது. 1989-லிருந்து 2004 வரை 219 பண்டிட்டுகள் கொல்லப்பட்டதாக மாநில அரசு 2010-ல் சட்டமன்றத்தில் சொன்னது. பள்ளத்தாக்கை விட்டுப் போகாமல் தங்கியவர்களின் அமைப்பான காஷ்மீரி பண்டிட் சங்கர்ஷ் சமிதி 399 என்று கணக்கெடுத்தது. படத்தை ஆதரிப்பவர்கள் ஆயிரக்கணக்கில் பேசுகிறார்கள். எதிர்ப்பவர்கள் '219 தானே' என்கிறார்கள். அந்த 'தானே'வை ஜம்முவில் யார் முகத்தைப் பார்த்தும் சொல்ல முடியாது.

என்னோடு வேலை பார்த்த எழுத்தர் ஒருவர் ஸ்ரீநகரின் ஹப்பா கதல் பகுதிக்காரர். ஜம்முவின் முத்தி அகதி முகாமில் ஒற்றை அறை. நடுவில் போர்வையைத் திரையாகக் கட்டி, ஒரு பக்கம் அப்பா அம்மா, மறுபக்கம் இவரும் மனைவியும் குழந்தையும். அந்த அறையாவது பின்னால் வந்தது, முதலில் வெறும் கூடாரம்தான். பனியில் வளர்ந்த உடம்புக்கு ஜம்முவின் மே மாத வெயில் எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள். வெயில் தாக்கிச் செத்தவர்களும் உண்டு, கூடாரத்துக்குள் பாம்பு கடித்துச் செத்தவர்களும் உண்டு. ஜம்மு அருகே ஜக்தியில் இவர்களுக்கான அடுக்குமாடிக் குடியிருப்பு திறக்கப்பட்டது 2011-ல். மத்தியிலும் மாநிலத்திலும் எத்தனை கட்சிகள் ஆண்டு முடித்த பிறகு என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். நண்பர் அதிகம் பேசமாட்டார். பேசினால் ஒரே விஷயம்தான்: சித்தப்பாவைச் சுட்டுக் கொன்றார்கள், இன்றுவரை ஒரு போலீஸ்காரர்கூட வந்து வீட்டாரிடம் வாக்குமூலம் வாங்கவில்லை.

அதை மனதில் வைத்துக்கொண்டுதான் ஓடிடியில் இந்தப் படத்தைப் பார்த்தேன். அனுபம் கெர் பண்டிட் சமூகத்தவர், பள்ளத்தாக்கை விட்டு வந்த பண்டிட் முதியவராக அவர் நடித்ததில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. கொலைக் காட்சிகளில் என்னால் உட்கார முடியவில்லை. கணவனின் ரத்தம் தோய்ந்த அரிசியை மனைவியின் வாயில் திணிக்கிறார்கள். அதைப் பார்த்து வராத கோபம் எதைப் பார்த்து வரும்? அந்தக் கோபத்தை இயக்குநர் விவேக் அக்னிஹோத்ரி எந்தப் பக்கம் திருப்பிவிடுகிறார் என்பதில்தான் எனக்கு வழக்கு. ஒரு பங்கு பக்கத்து வீட்டு முஸ்லிமுக்கு. இன்னொரு பங்கு படத்தில் தில்லியில் ஒரு பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தும் பேராசிரியைக்கு.

டப்லூவுக்கு முன்பே, 1989 ஆகஸ்டில், ஸ்ரீநகரில் துப்பாக்கிக்கு இரையானவர் தேசிய மாநாட்டுக் கட்சியின் முகமது யூசுப் ஹல்வாய். 1990 ஏப்ரலில் காஷ்மீர் பல்கலைக்கழகத் துணைவேந்தர் முஷிருல் ஹக்கைக் கடத்திக் கொன்றார்கள். மே மாதம் காஷ்மீர் முஸ்லிம்களின் மதத் தலைவர் மிர்வாய்ஸ் முகமது ஃபாரூக்கை வீட்டுக்குள்ளேயே புகுந்து சுட்டார்கள். இவர்களையும் சேர்த்துச் சொன்னால் பண்டிட்டுகளின் துயரம் குறைந்துவிடாது, துப்பாக்கி வைத்திருந்தவன் யார் என்பது இன்னும் தெளிவாகும். படத்தில் நம்பத்தகுந்த ஒரு நல்ல முஸ்லிமைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. தியேட்டர்களில் படம் முடிந்ததும் எழுந்து நின்று கத்தினார்களே, அந்தக் கோஷங்கள் வானத்திலிருந்து விழவில்லை. தேசிய ஒருமைப்பாட்டுக்கான நர்கிஸ் தத் விருதை இதற்குக் கொடுத்ததை 2023-ல் முதல்வர் ஸ்டாலின் கண்டித்தது அந்த வகையில் நியாயமே. மறுப்புக் கடிதம் எழுதிய நண்பர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

அரசாங்கத்தைப் படம் திட்டவே இல்லை என்று சொல்லமாட்டேன். கையைப் பிசைந்து நிற்கும் அதிகாரிகள் வருகிறார்கள். ஆனால் அப்போது தில்லியில் இருந்தது வி.பி. சிங் அரசு, வெளியிலிருந்து பாஜகவும் இடதுசாரிகளும் தாங்கிப் பிடித்த அரசு. ஆளுநராக ஜக்மோகன் பொறுப்பேற்றதே ஜனவரி 19 அன்றுதான். இரண்டு நாள் கழித்து ஸ்ரீநகரின் கவ்கதலில் துணை ராணுவம் சுட்டதில் ஊர்வலம் போனவர்கள் பலர் செத்தார்கள். இதையெல்லாம் எடுத்தால் வசூல் வருமா என்பது வேறு கேள்வி.

என் நண்பரின் கேள்விக்கு வருகிறேன். ஜே.கே.எல்.எஃப் என்ற பிரிவினை அமைப்பைச் சேர்ந்த, 'பிட்டா கராத்தே' எனப்பட்ட ஃபாரூக் அகமது தார் இருபது பேர்வரை கொன்றதாக 1991-ல் கேமரா முன்னால் சொன்னார், பிறகு மறுத்தார். 2006-ல் அவருக்குப் பிணை கிடைத்தது. வழக்கை நடத்துவதில் அரசுத் தரப்பு அக்கறையே காட்டவில்லை என்று அந்த உத்தரவில் நீதிபதியே பதிவு செய்திருக்கிறார். படத்திலும் பிட்டா என்ற கொலைகாரன் வருகிறான், அவனைப் பார்த்து நாம் பல்லைக் கடிக்கிறோம். கோப்பைத் தூக்கி ஓரமாக வைத்த அரசு வழக்கறிஞர் மேல் யாருக்கும் கோபம் வருவதில்லை. 1990 ஜனவரி 25 அன்று ஸ்ரீநகரில் விமானப் படையினர் நான்கு பேர் கொல்லப்பட்ட வழக்கில் அதே அமைப்பின் தலைவர் யாசின் மாலிக் மீது குற்றச்சாட்டு பதிவானது 2020-ல். அவர்களில் ஓர் அதிகாரியின் மனைவி ஜம்மு நீதிமன்றத்துக்குப் போய், தன் கணவரைக் காட்டும் காட்சிகளைத் திரையிடக் கூடாது என்று தடை வாங்கினார். படத்தைக் கொண்டாடியவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

உச்ச நீதிமன்றத்தின் கதையையும் சொல்லிவிடுகிறேன். 215 வழக்குகளை மறுபடி விசாரிக்கக் கோரி பண்டிட் அமைப்பு ஒன்று போட்ட மனு 2017-ல் தள்ளுபடியானது. 27 ஆண்டு ஆகிவிட்டது, இனி சாட்சியம் எங்கே கிடைக்கும் என்றது நீதிமன்றம். படம் நாடெங்கும் ஓடிய 2022-ல் சீராய்வின் கடைசிப் படியான மனுவும் தள்ளுபடி. எந்தச் சேனலிலும் அன்று இரவு விவாதம் நடந்ததாக எனக்கு நினைவில்லை. கோவா திரைப்பட விழாவில் இஸ்ரேலிய இயக்குநர் நடாவ் லபிட் இந்தப் படத்தைப் பிரசாரம் என்று சொன்னதும், அவர் நாட்டுத் தூதரே அவரைத் திட்டியதும்தான் அப்போது ஊர்ப் பேச்சு. கஞ்சூ கொலையைத் திரும்ப விசாரிக்கப்போகிறோம், தகவல் தெரிந்தவர்கள் முன்வாருங்கள் என்று மாநிலப் புலனாய்வு முகமை கேட்டது 2023 ஆகஸ்டில். 34 வருஷம் கழித்து!

2022 மார்ச்சில் பல மாநிலங்கள் படத்துக்கு வரிவிலக்கு கொடுத்தன. அசாமில் அரசு ஊழியர்களுக்கு அரை நாள் விடுப்பு, மத்தியப் பிரதேசத்தில் போலீஸாருக்கு விடுப்பு. மே 12 அன்று, காஷ்மீரின் சதூரா வட்டாட்சியர் அலுவலகத்துக்குள்ளேயே ஒரு பண்டிட் ஊழியரைச் சுட்டுக் கொன்றார்கள். புலம்பெயர்ந்த பண்டிட்டுகளுக்கான பிரதமர் தொகுப்புத் திட்டத்தில் வேலை பெற்று, பள்ளத்தாக்குக்குத் திரும்ப வந்தவர் அவர். சக ஊழியர்கள் மறுநாள் தெருவில் இறங்கினார்கள், அவர்கள் மீது போலீஸார் கண்ணீர்ப்புகை வீசினார்கள். எங்களை ஜம்முவுக்கு மாற்றுங்கள் என்று மாதக்கணக்கில் உட்கார்ந்தவர்களுக்கு டிசம்பரில் துணைநிலை ஆளுநர் தந்த பதில்: வீட்டில் உட்கார்ந்திருந்தால் சம்பளம் கிடையாது.

திரையில் பண்டிட்டுக்காக அழுதவர்கள் அந்தச் சம்பளத்துக்காக ஒரு நாள் அழுதிருக்கலாம். படத்தைக் கண்டித்த நம் பக்கத்து முற்போக்காளர்களும் அதற்கு ஓர் அறிக்கை விட்டிருக்கலாம். இரண்டையும் நான் பார்க்கவில்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்த 215 வழக்குகளில் எத்தனையில் குற்றப்பத்திரிகை தாக்கலானது, எத்தனையை ஆளைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று மூடினார்கள், 1997 சட்டப்படி காப்பாற்றியிருக்க வேண்டிய பண்டிட் வீடுகளும் தோட்டங்களும் எத்தனை கை மாறின என்று உங்கள் தில்லி நிருபரை விசாரித்து எழுதச் சொல்லுங்கள். விருது விவகாரத்துக்கு ஒதுக்கிய இடத்தில் பாதி போதும். அந்த இதழை ஜம்முவில் இருக்கும் என் நண்பருக்கு அனுப்புகிறேன். அவருக்குத் தமிழ் வராது, போனில் நானே இந்தியில் சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
மத்திய அரசுப் பணியில் ஓய்வுபெற்ற வாசகர்,
ஸ்ரீரங்கம்