சனிக்கிழமை மாலை: கோபிள்ஸ்டோன் பப்

எல்லாருக்கும் வணக்கம். இந்தச் சனிக்கிழமை ஐரிஷ் பாரம்பரிய இசை கேட்க, டப்ளின் ஸ்மித்ஃபீல்டில் உள்ள கோபிள்ஸ்டோன் பப்புக்குப் போகிறோம். லுவாஸ் டிராமின் சிவப்புத் தடம், ஸ்மித்ஃபீல்ட் நிறுத்தத்தில் 5 மணிக்குக் கூடலாம். அங்கிருந்து நடைதூரம்தான். சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

பப்கள் நிறைந்த டெம்பிள் பார் பகுதிக்குப் போகலாமே என்றவர்களுக்கு: அங்கே சுற்றுலாக் கூட்டம், நமக்குப் பாட்டு கேட்க வேண்டும். 2021-இல் கோபிள்ஸ்டோன் இருக்கும் இடத்தில் ஹோட்டல் கட்டத் திட்டம் போட்டபோது மக்கள் தெருவில் இறங்கினார்கள், மாநகராட்சியும் அனுமதி மறுத்தது. அந்த அளவுக்கு ஊருக்குப் பிடித்த இடம்.

இந்த இசைக்கு மேடையெல்லாம் கிடையாது. மூலை மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒருவர் ஆரம்பிக்க, மெட்டு தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்வார்கள். ஃபிடில், குழல், நம் கஞ்சிராவின் பெரிய அண்ணன் போல பவ்ரான். இல்லன் பைப்ஸ் (ஐரிஷ் பைக்குழல்) வந்தால் கவனியுங்கள்: வாயால் ஊதுவதில்லை, முழங்கையால் துருத்தியை அழுத்திக் காற்றடைப்பார்கள். யாராவது தனியாகப் பாடினால் தயவுசெய்து அரட்டையை நிறுத்துங்கள். வாசிப்பவர்களுக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தாலும் உட்காரக்கூடாது, பின்னால் வரும் கலைஞருக்கானது அது.

கவுண்டரில் போய்தான் வாங்க வேண்டும். கின்னஸ் பீரை முக்கால் ஊற்றி, அடங்கவிட்டு, பிறகுதான் நிரப்புவார்கள், அவசரப்படுத்தாதீர்கள். குடிக்காதவர்களும் தாராளமாக வாருங்கள். பிள்ளைகளைக் கூட்டி வருகிறவர்கள் 9 மணிக்குள் (மே முதல் செப்டம்பர் வரை 10) கிளம்பிவிட வேண்டும், அது சட்டம்.

வருகிறவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் இங்கேயே பெயர் போடுங்கள்.