கடைசிப் பாட்டை மறந்துவிட்டீர்கள்

ஆசிரியருக்கு,

அமெரிக்க ராக் பாடகி பாட்டி ஸ்மித்தின் (Patti Smith) 1975 ஆல்பமான 'ஹார்ஸஸ்'க்கு ஐம்பது ஆண்டு நிறைந்ததையொட்டி 2025 அக்டோபர், நவம்பரில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்த கச்சேரிகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மூத்த ராக் பாடகர்கள் பழைய ஆல்பத்தைத் தூசி தட்டி டிக்கெட் விற்கிறார்கள் என்று கட்டுரையாளர் வருத்தப்படுகிறார். சரி, பலருக்கு அது பொருந்தும். இவரையும் அந்த வரிசையில் நிறுத்தியதைத்தான் ஏற்க முடியவில்லை.

28 வயதில் பாடியதை 78 வயதுக் குரல் தாங்குமா என்று கட்டுரையாளர் கேட்டிருக்கிறார். பாட்டி ஸ்மித் கவிதை வாசிப்பிலிருந்து பாட்டுக்கு வந்தவர். 1971 பிப்ரவரியில் நியூயார்க்கின் செயின்ட் மார்க்ஸ் சர்ச்சில் கவிதை வாசித்தபோது, பக்கத்தில் கிடார் வாசித்தவர் லென்னி கே. ஆல்பத்தின் முதல் பாட்டான 'க்ளோரியா'வின் முதல் வரியே பாட்டி ஸ்மித்தின் பழைய கவிதையில் இருந்ததுதான். அப்புறம்தான் பாடகர் வான் மாரிசன் எழுதிய அதே பெயர்ப் பாட்டு உள்ளே வருகிறது. பாதி பேச்சும் பாதி பாட்டுமான இந்த முறைக்குக் குரல் இறங்கியதால் நஷ்டமில்லை. சொல்லுக்குக் கனம் கூடியிருக்கிறது.

பழையதை அப்படியே ஒப்பிப்பதும் அவர் வழக்கமில்லை. முப்பதாம் ஆண்டான 2005இல் லண்டன் மெல்ட்டவுன் இசை விழாவில் முழு ஆல்பத்தையும் பாடினார். அது ஒலிப்பதிவாகவும் வந்தது. 1975இல் ஒன்பதரை நிமிடத்துக்குள் முடிந்த 'லேண்ட்' பாட்டு அதில் 17 நிமிடத்தைத் தாண்டுகிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டுப் பாருங்கள், தூசி தட்டியது போலவா இருக்கிறது?

கட்டுரையில் ஒரு வார்த்தைகூட இல்லாத கடைசிப் பாட்டு 'எலிஜி'தான் எனக்கு முக்கியம். ராக் கிடார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் கட்டிய எலெக்ட்ரிக் லேடி ஸ்டுடியோவில், அவர் இறந்து சரியாக ஐந்தாண்டு ஆன 1975 செப்டம்பர் 18 அன்று, அவருக்காகவே பதிவான பாட்டு அது. மூன்று நிமிடம்கூட வராது. மேடையில் இப்போது அதைப் பாடும்போது, இறந்துபோன நண்பர்கள், இசைக்காரர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறார். அட்டைப்படம் எடுத்த ராபர்ட் மேப்பிள்தார்ப் 1989இல் போனார். ஆல்பத்தில் பியானோ வாசித்த ரிச்சர்ட் சோல் 1990இல். கணவர் ஃப்ரெட் 'சோனிக்' ஸ்மித் 1994இல். ஒருவருக்காக எழுதிய இரங்கற்பா இத்தனை பேருக்கும் இடம் கொடுத்திருக்கிறது. 28 வயதில் இதை அவரால் இப்படிப் பாடியிருக்கவே முடியாது. அதற்கு இந்த ஐம்பது வருடமும் வேண்டியிருந்தது.

அதே லென்னி கேயும், ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்த ஜே டீ டாஹர்ட்டியும் இந்தக் கச்சேரிகளிலும் கூடவே இருந்தார்கள். கிடாரில் மகன் ஜாக்சன். லென்னி கே, அறுபதுகளின் மறக்கப்பட்ட ராக் பாடல்களைத் தேடித் தொகுத்து 1972இலேயே 'நக்கெட்ஸ்' என்று வெளியிட்டவர். அவரைப் பற்றி ஒரு தனிக் கட்டுரை போட முடியுமா?

– வாசகர், கோவை