ஒல்லிக்கு: உன் பேரனின் பல்லியும் என் வீட்டு ஆமையும்

சிங்கப்பூர்
ஞாயிறு மாலை

அன்புள்ள ஒல்லிக்கு,

கடிதம் கிடைத்தது. கூடவே அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, இவரையா இன்னும் ஒல்லி என்று கூப்பிடுகிறீர்கள் என்று வீட்டில் கேட்கிறாள். உமறுப் புலவர் பள்ளியில் வைத்த பெயர். பள்ளியையே 1982இல் மூடிவிட்டார்கள், பெயராவது இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லிவிட்டேன்.

இங்கே எல்லாரும் நலம். மகள் பொங்கோலில் இருக்கிறாள், பேத்தி தவழ ஆரம்பித்துவிட்டாள். எனக்கு முட்டி வலி கொஞ்சம் உண்டு. அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நாம் கிழவர்கள் ஆகிவிட்டோம் என்று அர்த்தம், அதனால் விடு.

பேரன் பெர்த்திலிருந்து அல்பனிக்குக் குடிபோகிறான், கூடவே பாப்டெயில் என்கிற அந்த ஆஸ்திரேலியக் குட்டைவால் பல்லியும் போகிறது, காரில் எப்படிக் கொண்டுபோவது என்று கேட்டிருந்தாய். அது பரம சாது, நண்பன் மடியில் வைத்துக்கொண்டு வருவான், பெட்டியில் அடைப்பது பாவம் என்று அவன் சொல்கிறானாம். இத்தனை வருடமாக ஆமை வளர்க்கிறவன் என்பதால் என்னிடம் வந்திருக்கிறாய். சரி, கேள்.

மடியில் வைப்பது வேண்டவே வேண்டாம். நீ கணக்கில் புலி, உனக்குக் கணக்காகவே சொல்கிறேன். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி நின்றால், உள்ளே கட்டாமல் கிடப்பதெல்லாம் அதே 50இல் முன்னால் பாயும். ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது அந்த வேகத்தில்தான் இருக்கும். நம்மூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் நான்காவது மாடி. உங்கள் நெடுஞ்சாலையில் 110இல் ஓட்டுவார்கள். அதற்குக் கணக்குப் போட்டால் 47 மீட்டருக்கு மேல் வருகிறது, பதினாறு மாடி. நண்பனின் கை அதைப் பிடித்து நிறுத்தாது. மோதக்கூட வேண்டாம், அல்பனி சாலையில் அந்தி நேரத்தில் ஒரு கங்காரு குறுக்கே குதித்தால் போதும், பிரேக் போடத்தான் வேண்டும்.

இன்னொரு ஆபத்து ஓட்டுபவனின் காலடியில் இருக்கிறது. கையிலிருந்து நழுவிய எந்த ஊர்வனமும் இருட்டான இடுக்கைத் தேடித்தான் போகும். காரில் இருட்டான இடுக்கு என்றால் இருக்கைக்கு அடி, அப்புறம் பிரேக் மிதிக்குப் பின்புறம். எங்கள் புளோக்கில் ஒருவர் தன் ஆமையைத் திறந்த பேசினில் வைத்து முன் இருக்கையில் ஏற்றிக்கொண்டு போனார். தீவு விரைவுச்சாலையில் போகும்போது அது பேசினை விட்டு ஏறி அவர் காலடிக்கே வந்துவிட்டது. எப்படியோ ஓரமாக நிறுத்திவிட்டார். அதை அவர் சிரித்துக்கொண்டே சொல்கிறார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் ஆமையை உனக்கு நினைவிருக்கும். மகள் தொடக்கப் பள்ளியில் படித்தபோது வாங்கிக் கொடுத்த சிவப்புக் காது ஆமை. கடையில் பார்த்தபோது ஓடு நான்கு சென்டிமீட்டர்கூட இருக்காது, இப்போது 25ஐத் தொடுகிறது. எடை இரண்டு கிலோ வரும். இப்படி வளரும் என்று கடைக்காரர் யாரும் சொல்வதில்லை. வளர்ந்ததும் நீர்த்தேக்கத்தில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். விசாக தினத்தன்று புண்ணியம் என்று விடுகிறவர்களும் உண்டு. அது இங்கே குற்றம். அமெரிக்காவிலிருந்து வந்த இந்த ஆமை இந்த ஊர்க் குளத்து உயிர்களின் இரைக்கும் இடத்துக்கும் போட்டிக்கு நிற்கிறது, தேசியப் பூங்காக் கழகம் வருடா வருடம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது.

போன மாதம் ஆமைக்குக் கண்ணுக்குப் பின்னால் உருண்டையாக வீங்கியது. பெயர் சிவப்புக் காதுதானே தவிர, அந்தச் சிவப்புப் பட்டை காது இல்லை. அதற்குக் கீழே தோலால் மூடிய வட்டமான இடம்தான் செவிப்பறை. அதற்குள் சீழ் கட்டியிருந்தது. ஆமைகளுக்கு அடிக்கடி வருவதுதானாம், வைட்டமின் ஏ குறைந்தால் வரும், அழுக்குத் தண்ணீராலும் வரும். ஊர்வனவற்றைப் பார்க்கும் மருத்துவர் தீவின் அடுத்த கோடியில் இருக்கிறார். அறுத்து எடுத்து, மருந்து போட, கட்டுப் பார்க்க என்று போய்வந்ததில் ஆமையைக் காரில் ஏற்றும் கலையில் நான் பட்டமே வாங்கிவிட்டேன் என்று வைத்துக்கொள்.

தண்ணீரில் வாழும் பிராணி என்பதால் தண்ணீரோடு கொண்டுபோக வேண்டும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். ஆமை மூச்சு விடுவது நுரையீரலால். கார் திரும்பும்போதெல்லாம் தண்ணீர் அலைமோதி அதைப் புரட்டிப் போடும், சோர்ந்துபோனால் மூழ்கவும் கூடும். ஈரத்துண்டு விரித்த காய்ந்த பெட்டியில் சில மணி நேரம் அது சௌகரியமாக இருக்கும். கண்ணாடித் தொட்டியும் கூடாது. உடையும் என்பது ஒரு பக்கம், வெளியே ஓடுவதெல்லாம் கண்ணில் பட்டுப் பட்டு அது சுவரில் முட்டிக்கொண்டே இருக்கும். எதுவும் தெரியாத இருட்டில்தான் அடங்கிக் கிடக்கும். வேடிக்கை பார்க்கட்டும், காற்று வாங்கட்டும், தண்ணீரில் அளையட்டும் என்று நாம் கொடுக்கும் சலுகைகளெல்லாம் நமக்குப் பிடித்தவை. உன் பேரன் பாவம் பார்ப்பதும் அப்படித்தான். அந்தப் பல்லிக்கு இதமான இடம் உடம்பை ஒட்டிய இருட்டுப் பொந்து.

என்னுடையது மூடியின் இரு பக்கமும் கொக்கி போட்ட சாதாரண பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே ஆமை திரும்பலாம், உருள முடியாது, அந்த அளவு. பெரிய பெட்டி வாங்கினால் வசதி என்று நினைக்காதே, பெரிதாக இருந்தால் உள்ளுக்குள்ளேயே போய் இடித்துக்கொள்ளும். காற்றுத் துளைகளைப் பக்கவாட்டில், மேல் விளிம்பை ஒட்டிப் போட்டிருக்கிறேன். உள்ளிருந்து வெளியே குத்த வேண்டும், அப்போதுதான் பிசிறு வெளிப்பக்கம் நிற்கும். அடியில் அலமாரியில் விரிக்கும் வழுக்காத ரப்பர் விரிப்பு, அதன் மேல் துண்டு. பெட்டியை முன் பயணி இருக்கைக்குப் பின்னால் தரையில் வைத்து, இருக்கையை நகர்த்தி நெருக்கிவிட்டால் எந்தப் பக்கமும் அசையாது. காரில் அதைவிட உறுதியான இடம் கிடையாது. சில கார்களில் ஏர்கான் காற்று பின் இருக்கைக்காரர்களின் காலடிக்கும் வரும், அதை மட்டும் பார்த்து அடைத்துவிட வேண்டும். முன் இருக்கையில் வைத்தால் காற்றுப்பை விரிந்து பெட்டியோடு நசுக்கிவிடும். டிக்கியில் காற்றும் இல்லை, சூடும் நம் கையில் இல்லை.

பாப்டெயிலுக்கு இன்னும் ஒரு படி உண்டு. பல்லிகளையும் பாம்புகளையும் முதலில் பருத்தித் துணிப் பையில் விட்டு வாயைக் கட்டி, அப்புறம்தான் பெட்டிக்குள் வைப்பார்கள். தலையணை உறையே போதும். உறையை உள்வெளியாகத் திருப்பிவிடச் சொல், தையல் நூல் பல்லியின் விரலில் சுற்றிக்கொண்டால் விரலே போய்விடும். பெட்டியின் மீதி இடத்தில் துண்டைச் சுருட்டி அடைத்தால் பை நகராது. கிளம்புவதற்கு முந்தைய இரண்டு நாள் தீனி வேண்டாம். உடம்பில் சூடு இருந்தால்தான் அதற்குச் செரிக்கும், வயிறு நிறைய வைத்துக் குலுக்கிக்கொண்டு போனால் கக்கிவிடும். தண்ணீர்க் கிண்ணத்தையும் உள்ளே வைக்க வேண்டாம், நிறுத்தும் இடத்தில் காட்டினால் குடிக்கும்.

இதையெல்லாம்விட எனக்குப் பயம் சூட்டைப் பற்றித்தான். நமக்கு வியர்க்கும், நாய்க்கு நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கத் தெரியும். ஊர்வனவற்றுக்கு வியர்வை கிடையாது. வெயில் அதிகமானால் நிழலுக்கு நகர்வதுதான் அவற்றுக்குத் தெரிந்த முக்கிய வைத்தியம், பெட்டியில் அடைத்ததும் அந்த வழியை நாமே மூடிவிடுகிறோம். வெயிலில் நிறுத்திய காருக்குள் பத்து நிமிடத்திலேயே 10 டிகிரி கூடிவிடும். இங்கே வெளியே 32 என்றால் உள்ளே 42. பெர்த் கோடையை நீயே கணக்குப் போட்டுக்கொள். பெட்டிக்குள் கம்பி நுழைக்கும் சின்ன வெப்பமானி ஒன்று வாங்கச் சொல். 22க்கும் 28க்கும் நடுவில் இருந்தால் கவலையில்லை, 30ஐத் தாண்ட விடக் கூடாது. கொஞ்சம் குளிர்ந்தால் மந்தமாகும், அவ்வளவுதான். சூடேறினால்தான் உயிர் போகும். பெட்ரோல் போட, காபி குடிக்க நிறுத்தினால் இருவரில் ஒருவன் பல்லியோடு இருக்கட்டும். வெயில் ஏறுவதற்குள் பெரும்பாதி போய்விட வேண்டும், ஆனால் இருட்டோடு கிளம்பினால் கங்காரு. நன்றாக விடிந்ததும் கிளம்புவதுதான் சரி.

இங்கே எனக்கு வேறு தொல்லை. நிறுத்திய காரில் இஞ்சினை ஓடவிட்டு ஏர்கான் போட்டு வைத்தால் அதற்கும் அபராதம் உண்டு. அதனால் முதலில் நான் மட்டும் காரை எடுத்து, புளோக்கைச் சுற்றி ஓட்டிக் குளிரவைத்துவிட்டு வருவேன். மனைவி கீழே பெட்டியோடு நிற்பாள். அவளுக்கு இந்த ஏற்பாடே பிடிக்காது. அதிலும் காரில் அவளுடைய தவில் கச்சேரியை நிறுத்திவிடுவேன். ஆமைக்கு நம்மைப் போல வெளிக்காது இல்லை, ஆனால் தாழ்ந்த ஒலியும் அதிர்வும் நன்றாகக் கேட்கும். வீங்கிய காதோடு இருக்கும் பிராணிக்குப் பக்கத்தில் தவில் எதற்கு?

டிசம்பரில் வரும்போது பல்லியையும் கூட்டிவரட்டுமா என்று பேரன் கேட்டதாக எழுதியிருந்தாய். விளையாட்டுக்குக்கூட வேண்டாம். சிங்கப்பூரில் வீட்டில் வளர்க்க அனுமதியுள்ள ஊர்வனம் இரண்டே இரண்டு, எங்களிடம் இருக்கும் சிவப்புக் காது ஆமையும் மலாயப் பெட்டி ஆமையும். பாம்பு, உடும்பு, பல்லி, நட்சத்திர ஆமை எதுவும் கூடாது. வீவக வீட்டில் பூனை வளர்க்கவே 2024 செப்டம்பரில்தான் அனுமதி கொடுத்தார்கள் என்றால் பார்த்துக்கொள். உங்கள் அரசாங்கமும் அந்த ஊர்ப் பல்லிகளை வளர்ப்புக்காக வெளியே விடாது. அதனால்தான் கடத்தல்காரர்கள் பாப்டெயிலை வாயையும் காலையும் டேப்பால் ஒட்டிக் காலுறைக்குள் திணித்துத் தபாலில் அனுப்புகிறார்கள், சென்னை விமான நிலையத்தில் அதிகாரிகள் கடத்தல் நட்சத்திர ஆமைகளைப் பெட்டி பெட்டியாகப் பிடிக்கிறார்கள். படித்தால் வயிறு எரிகிறது. அல்பனிக்குப் போகும்போது வளர்ப்பு உரிமத்தின் நகலைக் காரில் வைத்துக்கொள்ளட்டும். வழியில் யாராவது கேட்டால் வம்பில்லை.

இப்போது என் பிரச்சினைக்கு வருகிறேன். காரின் சிஓஇ, அதாவது இங்கே கார் வைத்திருக்க வாங்க வேண்டிய உரிமைச் சான்றிதழ், அடுத்த வருடம் முடிகிறது. புதுப்பித்தால் ஐந்து வருடம் அல்லது பத்து வருடம். காரை விட்டுவிடுவோம், எம்ஆர்டி ரயில் வாசலிலேயே இருக்கிறது என்கிறாள் மனைவி. நமக்கு இருக்கிறது, ஆமைக்கு இல்லையே. ரயிலிலும் பேருந்திலும் அதை ஏற்ற முடியாது, டாக்ஸி என்றால் முன்கூட்டியே கேட்டு ஒத்துக்கொள்கிறவரைப் பிடிக்க வேண்டும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் இந்த ஆமை நாற்பது வயது வரைகூட இருக்குமாம். ஓர் ஆமைக்காக இந்த விலைக்குக் கார் வைத்திருக்கும் ஆள் இந்தத் தீவிலேயே நீங்கள் ஒருவர்தான் என்று மகளிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள், எனக்குக் கேட்க வேண்டும் என்றே. ஐந்தா, பத்தா, இல்லை டாக்ஸியா என்று நீ கணக்குப் போட்டுச் சொல். நீ சொன்னால் அவள் கேட்பாள், எப்போதும் அப்படித்தான்.

பெட்டி வாங்கியதும் பேரனைப் படம் எடுத்து அனுப்பச் சொல்.

அன்புடன்,
கண்ணாடி

பி.கு.: பல்லியைத் தொட்ட கையோடு அவன் வழியில் எதையும் வாங்கித் தின்ன வேண்டாம், முதலில் சோப்புப் போட்டுக் கழுவட்டும். ஊர்வனவற்றின் உடம்பில் சால்மொனெல்லா கிருமி இருக்கும், பார்க்க ஆரோக்கியமாக இருந்தாலும் இருக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு அது தொற்றுகிறது என்றுதான் அமெரிக்காவில் 1975இலேயே நான்கு அங்குலத்துக்குச் சின்ன ஆமைகளை விற்கக் கூடாது என்று தடை போட்டார்கள். பேத்தி வரும் நாட்களில் ஆமைப் பெட்டியைக் காரிலேயே ஏற்றுவதில்லை. அதைக் கழுவுவதும் குளியலறையில்தான், சமையலறைத் தொட்டியில் இல்லை. இது உன் வீட்டம்மாவுக்கும் சேர்த்து.