விடுதலைக்குத் தலைவர் பிறந்தநாள்தான் வர வேண்டுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆயுள் கைதிகளின் முன்விடுதலை பற்றிப் பேச்சு எடுத்தாலே ‘கொலைகாரனை வெளியே விடலாமா’ என்ற சண்டையில் போய் நின்றுவிடுகிறது. எனக்கு உறுத்துவது வேறு. 2008ல் அண்ணா நூற்றாண்டுக்கு ஏழு ஆண்டு உள்ளே இருந்திருந்தால் போதும் என்று விட்டார்கள், 2018ல் எம்.ஜி.ஆர். நூற்றாண்டுக்கு அதுவே பத்து ஆண்டு ஆகிவிட்டது. அப்படியென்றால் 2009ல் ஏழு ஆண்டு முடித்தவன் என்ன செய்தான்? கொலை செய்தான், சரி, முந்தின வருஷம் வீட்டுக்குப் போனவனும் அதையேதானே செய்தான்!

மரண தண்டனை வரை போகக்கூடிய குற்றத்துக்கு ஆயுள் தண்டனை பெற்றவர் 14 ஆண்டாவது சிறையில் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 433ஏ பிரிவு, அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 475வது பிரிவு. அதற்கு முன்னால் விட வேண்டுமானால் அரசியல் சாசனத்தின் 161வது பிரிவின்படி ஆளுநர் கையெழுத்து வேண்டும், அது எப்படி இழுக்கும் என்பதை, ராஜீவ் காந்தி கொலை வழக்கில் ஆயுள் கைதியாக இருந்த பேரறிவாளன் விஷயத்தில் நாடே பார்த்தது. அமைச்சரவை பரிந்துரைத்தது 2018 செப்டம்பரில், விடுதலை வந்தது 2022 மே மாதம், அதுவும் உச்ச நீதிமன்றத்திலிருந்து.

தகுதி வந்த கைதி மனு போடாவிட்டாலும் மாநில அரசே அவர் பெயரைப் பரிசீலிக்க வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. இனியும் எதற்கு நூற்றாண்டு விழாவுக்கு ஒரு அரசாணை? எத்தனை ஆண்டு, எந்தக் குற்றத்துக்குக் கிடையாது, யார் முடிவு செய்வது, எத்தனை நாளில் என்று நிரந்தர விதியாக எழுதிவிடட்டும், ஆட்சி மாறினாலும் அது மாறக்கூடாது.

பரோலும் அப்படித்தான். 1982ல் போட்ட தண்டனை நிறுத்திவைப்பு விதிகளில் அவசர விடுப்பு, சாதாரண விடுப்பு எல்லாம் இருக்கிறது, ஆனால் ‘சட்டம் ஒழுங்கு கெடும்’ என்று போலீஸ் அறிக்கையில் ஒரு வரி வந்துவிட்டால் அந்தக் குடும்பம் வக்கீலைப் பிடித்து உயர் நீதிமன்றத்துக்கு ஓட வேண்டியதுதான். பணம் இல்லாதவன் எங்கே ஓடுவான்?

அப்புறம், கொலையானவரின் வீட்டாருக்கும் விடுதலைக்கு முன்பே எழுத்தில் தகவல் போக வேண்டும், அவர்கள் சொல்வதையும் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். கடைத்தெருவில் அவனை நேருக்கு நேர் பார்த்துத்தான் அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டுமா?

– ஒரு வாசகர், பாளையங்கோட்டை